கப்பல் கேபின் டிவியில் நம் போனையும் லேப்டாப்பையும் இணைக்க முடியுமா?

கேள்வி இது: "சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் போய் வரும் நான்கு இரவுக் கப்பல் பயணத்துக்கு டிக்கெட் போட்டிருக்கிறோம். அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் கூட வருகிறார்கள். அம்மாவுக்கு ராத்திரி கொஞ்ச நேரம் பழைய படம் பார்த்தால்தான் தூக்கம் வரும். போன், லேப்டாப், ஃபயர் ஸ்டிக், பென் டிரைவ் இவற்றில் எதையாவது கேபினில் இருக்கும் டிவியில் இணைக்க முடியுமா? என்னென்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும்?"

பெரும்பாலான கப்பல்களில் முடியும். ஆனால் டிவி எந்தக் கம்பெனி என்பதைவிட உங்கள் போனின் சார்ஜிங் துளைக்குள் என்ன இருக்கிறது, கப்பலின் வைஃபை எப்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்ற இரண்டும்தான் விஷயத்தைத் தீர்மானிக்கும். சுருக்கமாக வேண்டுமென்றால்: வைஃபையை நம்பிப் போகாதீர்கள், படத்தையும் சத்தத்தையும் டிவிக்குக் கொண்டுபோகும் எச்டிஎம்ஐ கேபிளை நம்பிப் போங்கள், பார்க்க வேண்டிய படங்களை வீட்டிலேயே டவுன்லோடு செய்துகொள்ளுங்கள். காரணங்களை விரிவாகவே எழுதுகிறேன். ஓட்டல் அறைகளுக்கு டிவி பொருத்திக் கொடுப்பது என் தொழில். கப்பலில் இருப்பதும் அதே ரகம்தான்.

கேபின் சுவரில் மாட்டியிருக்கும் டிவி பார்ப்பதற்கு நம் வீட்டு டிவி மாதிரியே இருக்கும். எல்ஜி, சாம்சங், பிலிப்ஸ் என்று பெயரும் அதேதான். ஆனால் ஓட்டல், மருத்துவமனை, கப்பல் போன்ற இடங்களுக்கென்று இந்தக் கம்பெனிகள் தனியாக ஒரு வரிசை தயாரிக்கின்றன. அந்த டிவிக்குள் 'ஓட்டல் மோடு' என்று ஒரு மெனு உண்டு. வால்யூம் ஓர் அளவுக்கு மேல் ஏறக்கூடாது, ஆன் செய்தவுடன் இந்தச் சேனல்தான் வர வேண்டும், படம் எந்தத் துளையிலிருந்து வர வேண்டும் என்று மாற்றும் சோர்ஸ் பட்டனை ரிமோட்டில் அழுத்தினாலும் மாறக்கூடாது, பென் டிரைவ் செருகினால் கண்டுகொள்ளவே கூடாது என்று ஒவ்வொன்றையும் அதில் பூட்டி வைக்கலாம். ஒரே ஒரு டிவியில் இதையெல்லாம் அமைத்து, அந்த அமைப்பைப் பென் டிரைவில் நகல் எடுத்து மற்ற டிவிகளில் வரிசையாக ஏற்றிவிடுவோம். ஆயிரத்துக்கும் மேல் கேபின் இருக்கும் கப்பலில் வேறு எப்படிச் செய்ய முடியும்?

பூட்டி வைப்பது பயணிகள் மீது இருக்கும் வன்மத்தால் அல்ல. சோர்ஸை மாற்றிவிட்டு, திரும்பப் பழைய இடத்துக்கு வரத் தெரியாமல் "டிவி வேலை செய்யவில்லை" என்று வரும் புகார்கள்தான் எங்கள் தொழிலில் பாதி வேலை. இன்னொன்று, கப்பலில் அந்த டிவிக்கு வேறு ஒரு கடமையும் இருக்கிறது. பழைய முறையில், கப்பல் புறப்படும் முன் எல்லாப் பயணிகளையும் ஓரிடத்தில் கூட்டி வரிசையில் நிறுத்தி, ஆபத்து நேரத்தில் எங்கே போக வேண்டும், லைஃப் ஜாக்கெட் எப்படிப் போட வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பார்கள். 2020இல் ராயல் கரீபியன் என்ற கப்பல் நிறுவனம் இந்த முறையை மாற்றியது. விளக்க வீடியோவைச் செயலியிலோ கேபின் டிவியிலோ பார்த்துவிட்டு, உங்களுக்கு ஒதுக்கிய இடத்துக்கு நேரில் போய்ப் பதிந்துவிட்டு வர வேண்டும். ஆகவே கேபினுக்குள் நுழைந்ததும் அம்மாவையும் பிள்ளைகளையும் உட்கார வைத்து முதலில் அந்த வீடியோவைப் பாருங்கள். கேபிள் வேலை எல்லாம் அதற்கு அப்புறம்.

இப்போது வைஃபை. வீட்டில் போனில் படத்தைத் தட்டி, 'காஸ்ட்' சின்னத்தை அழுத்தினால் டிவியில் ஓடுகிறது. கப்பலிலும் அப்படியே நடக்கும் என்று நினைத்துத்தான் பலர், டிவியில் செருகி இணையப் படம் பார்க்கும் ஃபயர் ஸ்டிக்கையும் குரோம்காஸ்ட்டையும் பெட்டியில் போடுகிறார்கள். வீட்டில் அது நடப்பதற்குக் காரணம், போனும் டிவியும் ஒரே ரவுட்டரில் இருந்துகொண்டு ஒன்றை ஒன்று கண்டுபிடிப்பது. கப்பல், ஓட்டல் போன்ற பொது நெட்வொர்க்குகளில் இந்தக் கண்டுபிடிப்பையே தடுத்து வைப்பது வழக்கம். ஒரே வைஃபையில் ஆயிரம் போன் இருந்தாலும் ஒன்றுக்கு இன்னொன்று இருப்பது தெரியாது. அப்படித் தடுக்காவிட்டால் பக்கத்துக் கேபின் பையன் உங்கள் டிவியில் தன் கார்ட்டூனை ஓட்ட முடியும். அதைவிட மோசமாக, உங்கள் லேப்டாப்புக்குள் எட்டிப்பார்க்கவும் முடியும். அந்தத் தடுப்பு நல்லதுதான். ஆனால் அதனால் போனிலிருந்து காஸ்ட் செய்வது செத்துப்போகிறது.

சரி, ஃபயர் ஸ்டிக்கையே நேராகக் கப்பல் வைஃபையில் சேர்த்துவிட்டால்? அதற்கும் தடைகள் இருக்கின்றன. கப்பல் வைஃபை முதலில் ஒரு லாகின் பக்கத்தைக் காட்டும். ஃபயர் ஸ்டிக்கில் அந்தப் பக்கம் திறக்கும், ரிமோட்டால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்ட வேண்டும். பழைய குரோம்காஸ்ட்டில் அதுவும் கிடையாது. திறந்தாலும், இணையப் பேக்கேஜ்களை ஒரு கருவிக்கு இவ்வளவு என்றுதான் விற்கிறார்கள். ஸ்டிக் உள்ளே போனால் அதற்கும் ஓர் இடம் போய்விடும். உங்கள் போனை வெளியேற்ற வேண்டி வரும். வேகத்தைப் பொறுத்தவரை நிலைமை மேம்பட்டிருப்பது உண்மை. முன்பெல்லாம் பெரும்பாலான கப்பல்கள் பூமிக்கு மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள்களை நம்பியிருந்தன. ராயல் கரீபியன் 2022இல் ஸ்டார்லிங்குக்கு மாறத் தொடங்கியது, மற்ற பெரிய நிறுவனங்களும் பின்னாலேயே வந்தன. ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில்தான் சுற்றுகின்றன என்பதால் வீடியோ ஓடுகிறது. ஆனால் இரவு ஒன்பது மணிக்கு மூவாயிரம் பேர் சேர்ந்து அதே இணைப்பை இழுக்கும்போது உங்கள் அம்மாவின் படம் பாதியில் சுற்றிக்கொண்டு நிற்கும். வைஃபை பேக்கேஜ் வாங்குங்கள், வீட்டுக்கு வீடியோ கால் பேசுங்கள். படத்துக்கு அதை நம்பாதீர்கள்.

இந்தச் சிக்கலுக்கு மாற்றாக, கையடக்க ரவுட்டர் ஒன்றை எடுத்துப் போய் எல்லாக் கருவிகளையும் அதில் இணைக்கும் யோசனையைச் சிலர் சொல்வார்கள். தொழில்நுட்பப்படி அது சரி. ஆனால் கார்னிவல் போன்ற நிறுவனங்கள் ரவுட்டர், வைஃபை ரேஞ்ச் எக்ஸ்டெண்டர், சாட்டிலைட் டிஷ் ஆகியவற்றைக் கப்பலுக்குள் கொண்டுவரக்கூடாத பொருட்களின் பட்டியலிலேயே சேர்த்திருக்கின்றன. உங்கள் கப்பல் எதுவோ அதன் பட்டியலை ஒருமுறை படித்துப் பாருங்கள். எடுத்துப்போய் ஸ்கேனரில் மாட்டிக்கொண்டு அம்மாவோடும் பிள்ளைகளோடும் பெட்டிக்காகக் காத்து நிற்கும் அளவுக்கு அது பெரிய விஷயம் அல்ல.

ஆக, மிச்சம் இருப்பது வயர். இதில்தான் நிறையப் பேர் பணத்தை வீணாக்குகிறார்கள்.

கடையில் 'டைப்-சி டு எச்டிஎம்ஐ' என்று சில நூறு ரூபாய்க்குக் கேபிள் கிடைக்கிறது. போனில் டைப்-சி துளை இருக்கிறது, டிவியில் எச்டிஎம்ஐ துளை இருக்கிறது, பிறகென்ன என்று வாங்கிவிடுகிறார்கள். கேபிள் நன்றாகத்தான் இருக்கும், படம் வராது. டைப்-சி என்பது துளையின் வடிவம் மட்டும்தான். அந்தத் துளை வழியாக வீடியோவும் வெளியே வர வேண்டுமென்றால் போனுக்குள் 'டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோடு' என்ற வசதி இருக்க வேண்டும். நம்மூரில் அதிகம் விற்கும் பத்தாயிரம், பதினைந்தாயிரம், இருபதாயிரம் ரூபாய் போன்களில் அநேகமாக அது இருக்காது. அந்தத் துளையில் சார்ஜ் ஏறும், பழைய யுஎஸ்பி 2.0 வேகத்தில் ஃபைல் மாறும், அவ்வளவுதான்.

எதில் இருக்கிறது? சாம்சங்கில் எஸ் வரிசை, 2017இல் வந்த எஸ்8 தொடங்கி இருக்கிறது. ஏ வரிசையிலும் எம் வரிசையிலும் பொதுவாக எதிர்பார்க்க வேண்டாம். ஐபோன் 15 முதல் டைப்-சி வந்தது, அதோடு வீடியோவும் வந்தது. அதற்கு முந்தைய ஐபோன்களில் லைட்னிங் துளை என்பதால் ஆப்பிளின் டிஜிட்டல் ஏவி அடாப்டர் வேண்டும். விலை அதிகம்தான், ஆனாலும் அதன் போலிகளை வாங்காதீர்கள். போலியில் கேலரி வீடியோ ஓடும், ஓடிடி படங்கள் ஓடாமல் போகலாம். கூகுள் பிக்சலில் 8ஆம் மாடலுக்கு முன்பு இல்லை. 8இலும் 2024 ஜூன் அப்டேட்டில்தான் திறந்துவிட்டார்கள். டேப்லெட்டில் சாம்சங் டேப் எஸ் வரிசையில் பொதுவாக உண்டு, ஆனால் அதன் லைட், எஃப்இ மாடல்களில் எதிர்பார்க்க வேண்டாம்; டேப் ஏ வரிசையில் கிடையாது. டைப்-சி இருக்கும் ஐபேட் எல்லாவற்றிலும் உண்டு. உங்கள் மாடல் இந்தப் பட்டியலில் வரவில்லை என்றால், வாங்கும் முன் கடைக்காரரிடமே அடாப்டரை உங்கள் போனில் செருகி ஏதாவது ஒரு டிவியில் காட்டச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை.

வசதி இல்லாத போன்தான் இருக்கிறது என்றால் 'டிஸ்ப்ளேலிங்க்' என்ற சிப் உள்ள அடாப்டர் ஒன்று இருக்கிறது. போனில் அதன் செயலியைப் போட்டால் திரை டிவியில் தெரியும். போட்டோ, நீங்கள் எடுத்த வீடியோ எல்லாம் நன்றாக வரும். ஓடிடி படம் போட்டால் வசனம் கேட்கும், திரை கறுப்பாக இருக்கும். படத்தின் காப்புரிமையைக் காக்க எச்டிசிபி என்ற பூட்டு எச்டிஎம்ஐ இணைப்பிலேயே இருக்கிறது. இந்த அடாப்டர் அந்தப் பூட்டைத் திறக்காது. கறுப்புத் திரை வந்தால் கேபிளை ஆட்டிக்கொண்டிருக்காதீர்கள், கேபிள் பழுதில்லை.

அடாப்டர் வாங்கும்போது சார்ஜர் செருகவும் ஒரு துளை இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். ஒரு முழுப் படம் டிவியில் ஓடினால் போன் சூடாகி, சார்ஜும் சடசடவென்று இறங்கும். எச்டிஎம்ஐ கேபிள் மூன்று மீட்டராவது இருக்கட்டும். அடாப்டரோடு இலவசமாக வரும் ஒரு மீட்டர் கேபிளை வைத்துக்கொண்டு கட்டிலிலிருந்து டிவியை எட்ட முடியாது. போன் டிவிக்குக் கீழே தொங்கிக்கொண்டிருக்கும், ஒவ்வொரு தடவையும் எழுந்து போய்த் தட்ட வேண்டும். கூடவே எல் வடிவில் திரும்பும் சின்ன எச்டிஎம்ஐ இணைப்பான் ஒன்று. இது மிக முக்கியம். கேபின் டிவியைச் சுவரோடு ஒட்டி மாட்டியிருப்பார்கள், நேராக நீளும் கேபிள் முனைக்குப் பின்னால் இடமே இருக்காது. அந்தக் குட்டி 'எல்' இருந்தால் இரண்டு விரல் இடைவெளியில் செருகிவிடலாம்.

லேப்டாப் இருந்தால் இதெல்லாம் எளிது. எச்டிஎம்ஐ துளை இருக்கும், செருகி விண்டோஸ் பட்டனோடு 'பி'யை அழுத்தி 'டூப்ளிகேட்' கொடுத்தால் படம் வந்துவிடும். சத்தம் லேப்டாப்பிலேயே வந்துகொண்டிருந்தால் கீழே ஸ்பீக்கர் சின்னத்தைத் தொட்டு டிவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: நெட்ஃபிளிக்ஸின் விண்டோஸ் செயலியில் இருந்த டவுன்லோடு வசதியை 2024இல் எடுத்துவிட்டார்கள். லேப்டாப்பில் டவுன்லோடு செய்து வைத்துக்கொள்ளலாம் என்று கடைசி நாள்வரை விட்டுவிடாதீர்கள். போனிலும் டேப்லெட்டிலும் இன்னும் செய்யலாம்.

பென் டிரைவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கேபின் டிவியின் யுஎஸ்பி துளை பெரும்பாலும் பூட்டியிருக்கும், ஆகவே அதை இரண்டாவது வழியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். திறந்திருக்கும் டிவியிலும் ஒரு தொல்லை உண்டு: படம் ஓடும், சத்தம் வராது. ஃபைலில் ஒலி டிடிஎஸ் வகையில் இருந்தால் இப்படி ஆகும். சாம்சங் 2018இலும் எல்ஜி 2020இலும் தங்கள் டிவிகளில் டிடிஎஸ்ஸைக் கைவிட்டன. வீட்டு விசேஷ வீடியோக்கள், விலை கொடுத்து வாங்கிய ஃபைல்கள் என்று எதுவாக இருந்தாலும் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் போட்டு எம்பி4 ஆக, ஏஏசி ஒலியோடு மாற்றிக்கொள்ளுங்கள். பென் டிரைவ் ஃபேட்32 முறையில் ஃபார்மட் ஆகியிருந்தால் எல்லா டிவியும் படிக்கும், ஆனால் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக்கூடாது. உங்கள் கல்யாண வீடியோவைக் கட்டாயம் எடுத்துப் போங்கள் என்பேன். நடுக்கடலில், செய்வதற்கு வேறு வேலை இல்லாத ஒரு மத்தியானத்தில், பிள்ளைகளை இரண்டு பக்கமும் உட்கார வைத்துக்கொண்டு யார் யார் வந்திருந்தார்கள் என்று அம்மா சொல்லச் சொல்லக் கேட்பதற்கு எந்த ஓடிடி படமும் ஈடாகாது.

இனி கேபினுக்குள் போனதும் செய்ய வேண்டியது. டிவியைச் சுவரிலிருந்து இழுக்காதீர்கள். கப்பல் ஆடும்போது ஆடக்கூடாது என்பதற்காக இறுக்கித்தான் பொருத்தியிருப்பார்கள், சில இடங்களில் மட்டும்தான் திரும்பும் கை வைத்த ஸ்டாண்டு இருக்கும். பின்பக்கம் என்ன இருக்கிறது என்று தெரிய, போனில் வீடியோவை ஓட விட்டு, டார்ச்சையும் போட்டுக்கொண்டு, டிவிக்கும் சுவருக்கும் நடுவே நுழைத்து மெதுவாக ஒரு சுற்று எடுங்கள். பிறகு அந்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். எத்தனை எச்டிஎம்ஐ, எது காலி, எதில் ஏற்கெனவே கேபிள் இருக்கிறது என்று எல்லாம் தெளிவாகத் தெரியும். ஓரத்தில் காலித் துளை இருந்தால் வேலை சுலபம். இருக்கும் ஒரே துளையில் கப்பலின் செட்டாப் பாக்ஸ் செருகியிருந்தால் அதைப் பிடுங்காதீர்கள்.

செருகியாயிற்று, திரையில் இன்னும் கப்பலின் சேனல்தான் ஓடுகிறது. சோர்ஸ் மாற்ற வேண்டும். ரிமோட்டில் அந்தப் பட்டனே இல்லாமல் இருக்கலாம். எல்ஜி டிவியில் திரைக்கு அடியில், நடுவில் பெயர் எழுதியிருக்கும் இடத்துக்குக் கீழே விரலால் தடவினால் ஒரு குட்டிப் பட்டன் தட்டுப்படும். சாம்சங்கில் அதே மாதிரி அடியிலோ பின்பக்க ஓரத்திலோ இருக்கும். அதை அழுத்தினால் பல டிவிகளில் சோர்ஸ் பட்டியல் வரும். அதுவும் பூட்டியிருந்தால் நம்மவர்கள் கையில் பெரும்பாலும் ஒரு தீர்வு இருக்கிறது. ரெட்மி, போக்கோ போன்களில் பலவற்றின் தலைப்பகுதியில் இன்ஃப்ராரெட் இருக்கும், அதில் 'மி ரிமோட்' செயலி கொண்டு டிவியை இயக்கலாம். கப்பல் ரிமோட்டில் இல்லாத சோர்ஸ் பட்டன் இதில் இருக்கும். ரிமோட்டைச் சேர்க்க இணையம் தேவைப்படும் என்பதால் ஊரிலேயே எல்ஜி, சாம்சங், பிலிப்ஸ் மூன்றையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஃபயர் ஸ்டிக் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு: ஸ்டிக்கின் ஹோம் பட்டனை அழுத்தினால், டிவியில் எச்டிஎம்ஐ-சிஇசி என்ற வசதி திறந்திருக்கும் பட்சத்தில் டிவி தானாகவே அந்தத் துளைக்கு மாறிவிடும்.

இதற்கு மேல் போகாதீர்கள் என்பது தொழில் செய்கிறவனாக என் வேண்டுகோள். ஓட்டல் மோடு மெனுவைத் திறக்கும் ரகசிய எண்கள் இணையத்தில் கிடைக்கின்றன. செட்டாப் பாக்ஸிலிருந்து டிவிக்குப் போகும், டெலிபோன் வயர் போன்ற மெல்லிய கேபிளைக் கழற்றினால் சோர்ஸ் திறந்துகொள்ளும் என்றும் சொல்வார்கள். சில டிவிகளில் அது நடக்கவும் செய்யும். ஆனால் மெனுவில் ஓர் இடத்தில் தவறாகக் கை பட்டால் சேனல் பட்டியலே அழியும். அப்புறம் ஒருவர் பென் டிரைவோடு வந்து முழு அமைப்பையும் மறுபடி ஏற்ற வேண்டும். கேபிளைக் கழற்றியவர் திரும்ப மாட்ட மறந்துவிட்டுப் போனால், அடுத்து அந்தக் கேபினுக்கு வருகிறவருக்குப் பாதுகாப்பு வீடியோவும் வராது. அதற்குப் பதிலாக உங்கள் கேபினைச் சுத்தம் செய்ய வருகிறவரிடம் கேளுங்கள். "அம்மாவுக்கு ஒரு படம் போட வேண்டும், எச்டிஎம்ஐயில் மாற்றித் தர முடியுமா?" என்று மரியாதையாகக் கேட்டால் அவரே செய்து கொடுப்பார், அல்லது டெக்னீஷியனுக்குச் சொல்லி அனுப்புவார். முடியாது என்று சொன்னால் அங்கே அது முடியாதுதான்.

மின்சாரத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது உயிர் சம்பந்தப்பட்டது. கேபினில் பிளக் பாயின்ட் குறைவு என்று கேள்விப்பட்டு, வீட்டிலிருக்கும் ஸ்பைக் பஸ்டரைப் பெட்டியில் போட்டுவிடாதீர்கள். பெரிய கப்பல்கள் எல்லாவற்றிலும் அது தடை. பெட்டியைத் திறந்து எடுத்து வைத்துக்கொண்டு இறங்கும்போதுதான் தருவார்கள். இதை வெறும் கெடுபிடி என்று நினைப்பவர்களுக்கு விஷயம் தெரியாது.

நம் வீட்டு மின்சாரத்தில் ஒரு வயர் லைன், இன்னொன்று நியூட்ரல். அந்த நியூட்ரலை டிரான்ஸ்பார்மரிலேயே பூமியோடு சேர்த்துவிடுகிறார்கள். கப்பலில் பொதுவாக அப்படிச் சேர்ப்பதில்லை. இரண்டு வயரையும் கப்பலின் இரும்பு உடலோடு ஒட்டாமல் தனித்தே விட்டுவிடுகிறார்கள். ஓரிடத்தில் ஒரு வயர் இரும்பைத் தொட்டுவிட்டாலும் எல்லாம் அணைந்துவிடாமல் இருக்கவும், சுக்கானும் பம்பும் தொடர்ந்து ஓடவும் இந்த ஏற்பாடு. விளைவு, கப்பலில் இரண்டு வயரிலும் மின்சாரம் இருக்கிறது. ஸ்பைக் பஸ்டரோ நம் வீட்டு வயரிங்கை மனத்தில் வைத்துச் செய்தது. மின்னழுத்தம் எகிறினால் எர்த்துக்குத் தள்ளிவிடும் சில்லுகள் அதற்குள் இருக்கும்; மிஞ்சிப் போனால் ஒரு வயரை மட்டும் துண்டிக்கும். கப்பலில் எங்கோ ஒரு மூலையில் வயர் இரும்பைத் தொட்டால், மின்சாரம் உங்கள் கேபினில் இருக்கும் அந்தச் சில்லு வழியாக ஓட ஆரம்பிக்கும். அது சூடாகி, பிளாஸ்டிக் உருகி, தீப்பிடிக்கும். அமெரிக்கக் கடலோரக் காவல் படை 2013இல் இதற்கென்றே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. நடுக்கடலில் தீயைவிடப் பெரிய ஆபத்து வேறெதுவும் இல்லை. 2024இல் ராயல் கரீபியன், ஸ்பைக் பஸ்டர் அல்லாத சாதாரண மல்டி பிளக் பெட்டிகளையும் தடைப் பட்டியலில் சேர்த்துவிட்டது.

அப்படியென்றால் என்ன செய்வது? பல யுஎஸ்பி துளைகள் உள்ள சார்ஜர் ஒன்று, நேராகச் சுவரில் செருகும்படியானது, போதும். ராயல் கரீபியன் கப்பல்களில் அமெரிக்க வகைத் தட்டைக் கால் 110 வோல்ட் பாயின்ட்டும், ஐரோப்பிய வகை உருண்டைக் கால் 220 வோல்ட் பாயின்ட்டும் இருக்கும். நம்மூர் இரண்டு கால் போன் சார்ஜர் அந்த ஐரோப்பியப் பாயின்ட்டில் அப்படியே உட்காரும். மூன்று கால் லேப்டாப் பிளக்குக்கு மட்டும் ஸ்பைக் பஸ்டர் இல்லாத சாதாரணக் கன்வெர்ட்டர் பின் எடுத்துக்கொள்ளுங்கள். ஃபயர் ஸ்டிக்குக்கு டிவியின் யுஎஸ்பியிலிருந்து மின்சாரம் எடுத்தால் பல டிவிகளில் போதாது, பாதிப் படத்தில் ரீஸ்டார்ட் ஆகும். அதனுடைய சார்ஜரையே பயன்படுத்துங்கள்.

போனைப் பற்றி இன்னொரு எச்சரிக்கை. கப்பல் கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும், கப்பலுக்குள்ளேயே ஒரு மொபைல் டவர் வேலை செய்யத் தொடங்கும். உங்கள் சிம் அதில் ஒட்டிக்கொண்டால் சாதாரண வெளிநாட்டு ரோமிங் பேக் அதற்குச் செல்லாது, பில் ஆயிரக்கணக்கில் வரும். ஏறியதும் எல்லாருடைய போனையும் ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டு, வைஃபையை மட்டும் தனியாக ஆன் செய்யுங்கள். அம்மாவின் போனை மறந்துவிடாதீர்கள். மறந்துபோவது எப்போதும் அந்தப் போன்தான்.

டவுன்லோடு விஷயத்துக்கு வருகிறேன். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே செய்யுங்கள். செய்துவிட்டு, வீட்டிலேயே போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, வாங்கிய அடாப்டரோடு உங்கள் வீட்டு டிவியில் ஒரு படத்தைப் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். வீட்டில் ஓடினால் கப்பலில் ஓடாமல் போகக் காரணம் பெரும்பாலும் சோர்ஸ் பூட்டாகத்தான் இருக்கும். ஓடிடி டவுன்லோடுகளுக்குக் காலக்கெடு உண்டு. சில படங்கள், ஒருமுறை பார்க்கத் தொடங்கினால் 48 மணி நேரத்தில் காலாவதியாகும். ஆகவே சோதனைக்கு ஓட்டும் படம் வேறு, அங்கே பார்க்கப்போகும் படம் வேறாக இருக்கட்டும். இந்தியாவில் டவுன்லோடு செய்த படத்துக்கு அந்த நாட்டில் உரிமை இல்லையென்றால், வெளிநாட்டு இணையத்தில் செயலியைத் திறந்தவுடன் படம் முடங்கவும் வாய்ப்பு உண்டு. முடிந்தால் ஒரு டேப்லெட்டைப் படத்துக்கென்றே ஒதுக்கி, பயணம் முடியும்வரை அதை எந்த வைஃபையிலும் சேர்க்காமல் வைத்திருங்கள். டிவியில் இணைக்கவே முடியாமல் போனாலும் அந்த டேப்லெட்டை மடியில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். நான்கு இரவுப் பயணத்துக்கு அம்மாவுக்கு அதுவே தாராளம் என்பது என் அபிப்பிராயம். ஒரு நல்ல ஸ்டாண்டும் ஹெட்போனும் இருந்தால், பிள்ளைகள் தூங்கிய பிறகும் அவர் நிம்மதியாகப் பார்க்கலாம். கேபின் சுவர்கள் மெல்லியவை, பக்கத்துக் கேபினுக்கு வசனம் எல்லாம் கேட்கும்.

பிள்ளைகள் நின்டெண்டோ ஸ்விட்ச் எடுத்து வருவதாக இருந்தால் அதன் டாக்கையும் (டிவியோடு இணைக்க அதைச் செருகி வைக்கும் ஸ்டாண்டு) அதற்குரிய சார்ஜரையும் சேர்த்து எடுக்க வேண்டும், வெறும் கேபிளால் அது டிவியில் வராது.

இறங்கும் நாளுக்கு முந்தைய இரவே எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். பெட்டிகளைப் பெரும்பாலும் அன்று இரவே கேபினுக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள், காலையில் அவசரம்தான் இருக்கும். டிவியைப் பழைய சோர்ஸுக்கு மாற்றி, கப்பலின் சேனல் வருகிறதா என்று பாருங்கள். ஸ்டிக்கும் எல் வடிவ இணைப்பானும் டிவியின் பின்னால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருப்பவை, ஓட்டல்களில் நாங்கள் அதிகம் கண்டெடுப்பதும் அவற்றைத்தான். ஸ்டிக் அங்கேயே தங்கிவிட்டால் உங்கள் அமேசான் கணக்கும் அதோடு தங்கிவிடும். அப்படி நேர்ந்துவிட்டால், வீட்டுக்கு வந்ததும் அமேசான் இணையதளத்தில் உங்கள் கருவிகள் பட்டியலைத் திறந்து அந்த ஸ்டிக்கை முதலில் நீக்கிவிட்டு, பிறகு கப்பல் நிறுவனத்துக்குக் கேபின் எண்ணோடு எழுதுங்கள்.